இருபத்திரண்டாம் பல்

பல் லேபில் வேலை செய்பவனுக்கு நோயாளியின் முகம் தெரியாது. டாக்டர் அளவெடுத்து அனுப்பிய பிளாஸ்டர் அச்சும், கூடவே ஒரு வேலைச் சீட்டும்தான் மேஜைக்கு வரும். சீட்டில் பெயர், வயது, எந்தப் பல், என்ன ஷேடு, எந்தத் தேதிக்கு வேண்டும் என்று இருக்கும். பற்களுக்கு எண் உண்டு. மேல்வரிசையில் இடது பக்கம், நடுவிலிருந்து எண்ணினால் பெரிய முன்பல் 21, அதற்கு அடுத்த சின்ன முன்பல் 22, அதற்கும் அடுத்த கோரைப்பல் 23. வலது பக்கம் அதே வரிசையில் 11, 12, 13. சென்னையில் நான் பல் மெக்கானிக்காக இருந்துவரும் காலம் முழுக்க, உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவர்களின் அச்சு வரும்போது சீட்டில் பெரும்பாலும் இருந்த வாசகம் ஒன்றுதான்: ‘22 மிஸ்ஸிங்.’

உதட்டுப் பிளவு வலது பக்கத்தைவிட இடது பக்கம்தான் அதிகம் வரும். அதனால்தான் 12ஐவிட 22 அடிக்கடி காணாமல் போகிறது. எங்கள் பேச்சில் இந்தப் பல்லுக்கு லேட்டரல் என்று பெயர்.

அந்த அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். சாதாரண மேல்தாடை லாடம் போல ஒரே வளைவாக இருக்கும். இதில் வளைவு இடது பக்கம் அறுந்திருக்கும். பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று. சின்னத் துண்டு உள்பக்கம் ஒடுங்கி, அங்குள்ள மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்க் கடிக்கும். அறுந்த இடத்தில் ஈறு பள்ளமாக இறங்கியிருக்கும். 21 நேராக நிற்காது. திரும்பி, பிளவின் பக்கம் சாய்ந்திருக்கும். 22 இருக்காது. இருந்தாலும் கூம்பாக, அளவில் பாதியாக இருக்கும். சில அச்சுகளில் அது பிளவைத் தாண்டி அந்தக் கரையில், கோரைப்பல்லை ஒட்டி முளைத்திருக்கும். அண்ணத்தின் நடுவே ஆபரேஷன் தழும்பின் மேடு பிளாஸ்டரில்கூட விரலுக்குத் தட்டுப்படும்.

உதடு தைத்த வரலாற்றை அறுவை மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அண்ணம் மூடிய வரலாறும் அப்படியே. இந்த ஒரு பல்லுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

உதடு பிளந்ததற்கு நம் ஊரில் கிரகணத்தைக் காரணம் சொல்வார்கள். மாசமாக இருந்தபோது வெளியே வந்தாள், கிரகண நேரத்தில் அரிவாள்மணையில் காய் நறுக்கினாள் என்று பழி முழுவதும் தாய்மேல் விழும். மெக்சிகோவிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே கர்ப்பிணிகள் கிரகணத்தன்று வயிற்றருகே உலோகத் துண்டு ஒன்றை வைத்துக்கொள்வார்கள். பல் விஷயத்தில் பழி வேறு பக்கம் போகும். “ஆபரேஷன் பண்ணும்போது டாக்டர் அந்தப் பல்லை எடுத்துட்டாருங்க” என்று எத்தனையோ பெற்றோர்கள் சொன்னதாகப் பல் மருத்துவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தாயும் குற்றவாளி இல்லை, டாக்டரும் இல்லை. கரு உருவாகி ஆறு, ஏழு வாரத்தில் முகத்தின் நடுப்பகுதியும் கன்னப்பகுதியும் சேர்ந்து மேலுதடு ஆகிறது. அண்ணத்தின் இரு பாதிகளும் பன்னிரண்டாவது வார வாக்கில் இணைந்து முடிகின்றன. பால்பற்களுக்கான திசுப்பட்டை உருவாகத் தொடங்குவதும் அந்த ஆறாவது வாரத்தில்தான். லேட்டரல் முளைக்க வேண்டிய இடம் சரியாக அந்த இணைப்பின் மேலேயே விழுகிறது. இணைப்பு நடக்கவில்லை என்றால் அங்கே முளைக்கான திசு போதாமல் பல் உருவாகாமலே போகலாம். அல்லது இரு கரையிலும் ஆளுக்குக் கொஞ்சம் இருந்து இரண்டு பல்லாக முளைக்கலாம். பால்பல்லில் இந்த இரட்டை அதிகம். நிரந்தரப் பல்லில் இல்லாமை அதிகம்.

பிளவு இல்லாதவர்களில் மேல் லேட்டரல் பிறவியிலேயே இல்லாதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். பிளவு உள்ள பக்கத்தில் மூன்றில் ஒருவரிலிருந்து இருவரில் ஒருவர் வரை என்று ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறுகிறது. பிளவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலும், கோரைப்பல்லுக்குப் பின்னால் இரண்டாவதாக வரும் சிறு கடைவாய்ப்பல் இவர்களுக்கு அடிக்கடி இல்லாமல் போகும்.

இந்தப் பல்லை முதலில் பெரிதாகப் பேசியவர்கள் பல் மருத்துவர்கள் அல்ல, எலும்பு ஆராய்ச்சிக்காரர்கள். ஜெர்மானியக் கவிஞர் கதே 1784ல் யேனா நகரில், உடற்கூறியல் பேராசிரியர் லோடரோடு சேர்ந்து மண்டையோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலங்குகளுக்கு மேல்தாடையின் முன்பக்கம் வெட்டும் பற்களைத் தாங்க ஒரு தனி எலும்பு உண்டு. மனிதனுக்கு அது கிடையாது, மனிதன் விலங்கிலிருந்து வேறுபடும் இடம் அது என்று அந்தக் காலத்தில் பெரிய அறிஞர்களே சொல்லிவந்தார்கள். கதே அந்த எலும்பின் சுவடு மனிதனிடமும் இருப்பதைக் கண்டார். வெளியே தெரியாமல் பக்கத்து எலும்போடு ஒட்டிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். நான்கு வெட்டும் பற்களும் அந்த எலும்பின் சொத்து. அப்படியானால் தாடையின் பிளவு என்பது அந்த எலும்பு பக்கத்து எலும்போடு ஒட்டாமல் போனதுதான் என்று பின்னால் வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். அந்தக் கணக்குப்படி பிளவு 22க்கும் 23க்கும் நடுவில் ஓட வேண்டும்.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1880களில், பால் அல்பிரெக்ட் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் எழுந்து இது தப்பு என்றார். பிளவுள்ள மண்டையோடுகளை எடுத்துக் காட்டினார். அவற்றில் பிளவைத் தாண்டி, கோரைப்பல்லுக்கு முன்னால் ஒரு வெட்டும் பல் நின்றது. ஆகவே பிளவு ஓடுவது 21க்கும் 22க்கும் நடுவில், ஒவ்வொரு பக்கமும் ஓர் எலும்பு இல்லை, இரண்டு உண்டு என்பது அவர் வாதம். தியோடர் கோலிக்கர் இதை மறுத்தார். பல் தோன்றும் வழி வேறு, எலும்பு வளரும் வழி வேறு, பல் நிற்கும் இடத்தை வைத்து எலும்பின் எல்லையைச் சொல்ல முடியாது என்றார். இரண்டு தரப்பும் கையில் வைத்திருந்த சாட்சி ஒன்றே: ஒரு மண்டையோட்டில் இக்கரையில், இன்னொன்றில் அக்கரையில், மற்றொன்றில் இல்லவே இல்லாத ஒரு சின்னப் பல். கோலிக்கர் பக்கம்தான் நியாயம் அதிகம் என்பது பிறகு கருவியல் படித்தவர்களுக்குத் தெரிந்தது. இந்தச் சண்டையைப் படித்த பிறகு பிளவு அச்சு வரும்போதெல்லாம் லேட்டரல் எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்க்காமல் நான் வேலை தொடங்கியதில்லை.

அறுவை சிகிச்சையின் பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனாவில் கி.பி. 390 வாக்கில் வெய் யாங்ச்சி என்ற இளைஞனின் உதட்டைத் தைத்து, நூறு நாள் கஞ்சி மட்டும் குடித்துப் பேசாமல் சிரிக்காமல் இருக்கச் சொன்னதாக அந்நாட்டு வரலாற்றில் பதிவு உண்டு. அண்ணம் மிகவும் தாமதம். 1819ல் பாரிஸில் ரூ என்ற அறுவை மருத்துவர், கனடாவிலிருந்து படிக்க வந்த ஜான் ஸ்டீவன்சன் என்ற மருத்துவ மாணவரின் உள்நாக்குப் பகுதிப் பிளவைத் தைத்தார். மயக்கமருந்து இல்லாத காலம். கடின அண்ணத்தை மூடும் நம்பகமான முறையை பெர்லினில் லாங்கன்பெக் 1861ல் வெளியிட்டார். இந்தக் கதைகளில் எங்கேயும் பல் வராது. குழந்தை பால் குடிக்க வேண்டும், பேச்சு புரிய வேண்டும், முகம் பார்க்கும்படி இருக்க வேண்டும். பல் அதற்கு அப்புறம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பல் வந்து சேர்ந்தது எங்கள் தொழில் வழியாக. அண்ணத்தில் ஓட்டை இருந்தால் அதைத் தகடு வைத்து அடைப்பது அறுவை சிகிச்சையைவிடப் பழைய வேலை. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் போர்க்கள மருத்துவர் அம்புருவாஸ் பாரே, துப்பாக்கிக் குண்டும் மேகநோயும் துளைத்த அண்ணங்களுக்குத் தங்கத்திலும் வெள்ளியிலும் தகடு செய்து, அதன் மேல்பக்கம் பஞ்சுக்கடற்பாசித் துண்டைக் கட்டினார். பாசி மூக்கின் ஈரத்தில் ஊதி, தகட்டைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். 1728ல் பல் மருத்துவத்துக்கென்று முதல் முழு நூலை எழுதிய பியர் ஃபோஷார் அந்தப் பாசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, திருகாணி திருப்பினால் உள்ளே விரியும் சிறு இறக்கைகளை வைத்தார்.

என் மனசுக்கு நெருக்கமானவர் நியூயார்க்கின் நார்மன் கிங்ஸ்லி. பல் மருத்துவர், சிலை செதுக்கும் கலைஞர். அந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குட்இயர் குடும்பத்தார் கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரை 1850களில் பல்செட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அதுவரை தங்கத் தகடு வாங்க வசதி உள்ளவனுக்குத்தான் வாயில் நன்றாகப் பொருந்தும் பல். வல்கனைட் என்ற அந்தக் கடின ரப்பர் வந்த பிறகு மெழுகில் செய்ததை அப்படியே ரப்பரில் வார்த்தெடுக்கலாம், விலையும் குறைவு. கிங்ஸ்லி 1859ல் மென்மையான ரப்பரில் ஒரு செயற்கை உள்நாக்குத் திரை செய்தார். தொண்டைத் தசை அசையும்போது கூடவே அசையும்படி அதை அமைத்தார். தன் காலத்து அறுவை சிகிச்சையைவிட இதனால் பேச்சு நன்றாக வருகிறது என்று வாதாடினார். 1880ல் வெளியான அவர் நூல், வாயின் குறைபாடுகளைச் சரிசெய்வதை ‘எந்திர அறுவை’யின் ஒரு கிளை என்று தலைப்பிலேயே சொன்னது. ஆனால் மென்ரப்பர் சில மாதங்களில் உளுத்துப்போகும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பெர்லினில் வில்ஹெல்ம் சூர்சன் 1867ல் கடின ரப்பரில் ஓர் உருண்டை அமைத்து, தசை வந்து அதன்மேல் மூடிக்கொள்ளும்படி செய்தார். அந்த யோசனையின் வாரிசுகளை இன்றும் செய்கிறோம்.

இந்தத் தகடுகளின் முன்விளிம்பில்தான் லேட்டரல் ஏறிக்கொண்டது. அண்ணத்தை மூட எப்படியும் தகடு வேண்டும். அதோடு பீங்கான் பல் ஒன்றையும் சேர்த்து வைத்தால் இடைவெளியும் மறையும். அறுவை சிகிச்சை முன்னேறி, அண்ணம் நன்றாக மூடப்பட்டு, தகட்டுக்கே வேலை இல்லாமல் போன பிறகும் பல் மட்டும் தகட்டை விடவில்லை. 1930களின் கடைசியில் வல்கனைட்டின் இடத்துக்கு அக்ரிலிக் வந்தது. நான் தொழில் கற்றதும் அதில்தான். கழட்டி மாட்டுகிற ஒற்றைப் பல், அண்ணத்தில் ஒட்டி நிற்க ஒரு சின்ன அக்ரிலிக் தகடு. அச்சின்மேல் மெழுகுத் தாளை அழுத்தி, ஷேடு பார்த்து ரெடிமேட் பல்லை எடுத்து, ஈறுப் பக்கத்தைத் தேய்த்து உட்கார வைத்து, ஃபிளாஸ்கில் புதைத்து, மெழுகைக் கொதிநீரில் கழுவி, அக்ரிலிக் மாவை அழுத்தி வேகவைக்க வேண்டும். பிளவு அச்சில் இந்த வேலை எப்போதும் சங்கடம். இடைவெளி லேட்டரலின் அகலத்துக்கு இருக்காது. கூடவோ குறையவோ இருக்கும். ஈறு பள்ளமாக இருப்பதால் பல்லை நீளமாக இறக்க வேண்டும், அல்லது இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் பொய் ஈறு கட்ட வேண்டும்.

எங்கள் லேபின் மூத்த மெக்கானிக் ஒருநாள் என் கையிலிருந்த அச்சைத் திருப்பிக் காட்டிச் சொன்னார்: “தம்பி, இந்த எடத்துல எலும்பே இல்ல. எலும்பில்லாத எடத்துல நாம பல்ல வெக்கல. துணி போட்டு மூடுறோம், அவ்ளோதான்.”

அவர் சொன்னது முழு உண்மை. வளரும் பிள்ளைக்குத் தகடு சீக்கிரமே பொருந்தாமல் போகும். ராத்திரி கழற்ற வேண்டும். ஓரத்தில் சோறு தங்கி, தகடு உரசும் நல்ல பற்களில் சொத்தை விழும். பக்கத்துப் பற்களைத் தேய்த்துக் கட்டுகிற பிரிட்ஜ் இன்னொரு வழி. இரண்டு பல்லைத் தொட்டு ஒரு பல்லை வாங்குகிற அந்த வியாபாரம் எனக்கு என்றைக்கும் ஒப்பவில்லை. 1955ல் மைக்கேல் பூனோகோர் பல்லின் மேல்பூச்சை அமிலத்தால் லேசாக அரித்துப் பிசின் ஒட்டவைக்கும் வழியைக் காட்டினார். 1973ல் ரோஷெட் என்ற பிரெஞ்சுக்காரர் துளையிட்ட மெல்லிய உலோகச் சிறகைப் பல்லின் பின்னால் ஒட்டினார். தேய்க்காமல் பல் கட்டலாம் என்று ஆனது. ஆனால் பிளவின் இரு கரையும் தனித்தனித் துண்டு. கடிக்கும்போது இரண்டும் ஒன்றாக அசையாது, ஒட்டு விட்டுவிடும். எலும்பு இல்லாத குறையைப் பிசின் தீர்க்காது.

எலும்புக்கு வருவதற்கு முன் எண்ணிக்கைக்கு வர வேண்டும். 1895ன் இறுதியில் ரோன்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே, 1896 தொடக்கத்தில், ஓட்டோ வால்கோஃப் தன் வாயையே இருபத்தைந்து நிமிஷம் கதிருக்குக் காட்டிப் பற்களைப் படமெடுத்தார். அதற்கு முன் பல் ‘இல்லை’ என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் உறுதியில்லை. உருவாகவே இல்லையா, எலும்புக்குள் மாட்டிக்கொண்டதா, பிடுங்கப்பட்டதா? படம் வந்த பிறகுதான் பிரித்துச் சொல்ல முடிந்தது. நார்வேயில் ஆர்னே பொஹ்ன் 1950லும் 1963லும், பிளவுள்ள பிள்ளைகளின் லேட்டரலையும் மற்ற பற்களின் கோளாறுகளையும் ஒவ்வொன்றாகப் பதிந்து வெளியிட்டார். பின்லாந்தின் ரெய்யோ ரன்டா, இவர்களுக்குப் பற்கள் உருவாவதே தாமதமாகிறது என்பதையும் சேர்த்து 1986ல் தொகுத்தார். இவை யாரும் கொண்டாடாத வேலைகள். நான் மதிக்கிற வேலைகள்.

பிளவு சிகிச்சையை ஒரு குழுவாகச் செய்ய வேண்டும் என்று முதலில் நிலையம் கட்டிக் காட்டியவரும் பல் மருத்துவர்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் ஹெர்பர்ட் கூப்பர் 1938ல் அதைத் தொடங்கினார். 1943ல் அந்நாட்டில் உருவான பிளவு மருத்துவச் சங்கத்தின் ஆரம்பப் பெயரிலேயே செயற்கை உறுப்புத் தயாரிப்பு இருந்தது. கிளாஸ்கோவில் பல்செட்டு நிபுணர் கெர் மெக்நீல் 1950ல், பிறந்த குழந்தையின் உதட்டைத் தைக்கும் முன்பே தகடு வைத்துத் தாடைத் துண்டுகளை நெருக்கி நகர்த்தினார்.

இனி எலும்பு. 1950களில் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் கைக்குழந்தையின் தாடைப் பிளவிலேயே எலும்புத் துண்டை வைத்துப் பார்த்தார்கள். நோக்கம் நல்லது. பத்து வருஷத்தில் அந்தக் குழந்தைகள் வளர்ந்தபோது மேல்தாடை முன்னே வளராமல் முகத்தின் நடுப்பகுதி உள்ளடங்கிப் போனது தெரிந்தது. பெரும்பாலான மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. 1972ல் அமெரிக்காவின் ஃபிலிப் பாய்னும் சாண்ட்ஸும் வேறு கணக்கைச் சொன்னார்கள். குழந்தையில் வேண்டாம், பெரியவனான பிறகும் வேண்டாம். மேல்தாடையின் முன்பகுதி பெரும்பாலும் வளர்ந்து முடிந்து, கோரைப்பல் இன்னும் வெளியே வராமல் இருக்கிற இடைப்பட்ட காலம், ஒன்பதிலிருந்து பதினொரு வயது, அதுதான் நேரம். இடுப்பெலும்பின் உள்ளிருந்து பஞ்சு போன்ற எலும்பைச் சுரண்டி எடுத்துப் பிளவில் நிரப்ப வேண்டும்.

இதை எடுத்துக்கொண்டு போய் நிரூபித்தது ஓஸ்லோ. நார்வே சின்ன நாடு. பிளவுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஓஸ்லோ, பெர்கன் என்ற இரண்டே ஊர்களுக்குத்தான் வருவார்கள். பிறந்ததிலிருந்து அச்சும் படமும் ஒரே அலமாரியில் சேர்ந்துகொண்டே வரும். 1977ல் அங்கே அறுவை மருத்துவர் ஃப்ராங்க் ஓபிஹோல்ம், பல்சீரமைப்பு மருத்துவர்கள் ஓலாவ் பெர்க்லாண்ட், குன்வோர் செம்ப் ஆகியோர் இந்த முறையைத் தொடங்கினார்கள். நன்றாக வந்த கேஸ்களை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. வரிசையாக வந்த அத்தனை பிள்ளைகளையும் கணக்கில் வைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எலும்பு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று படத்தில் அளந்து, நான்கு தரமாகப் பிரித்து 1986ல் வெளியிட்டார்கள். அந்த நான்கு தரத்தை இன்றும் உலகம் முழுக்க பெர்க்லாண்ட் பெயரால் சொல்கிறார்கள்.

அவர்கள் படங்களில் தெரிந்தது என்ன? கோரைப்பல்லின் வேர் இன்னும் முழுதாக வளராமல் இருக்கும்போது புது எலும்பை வைத்தால், மேலே காத்திருக்கும் 23 அந்த எலும்புக்குள்ளேயே வழி கண்டு இறங்கி வருகிறது. பல தானாகவே இறங்கின. சிலவற்றைக் கிளிப் போட்டு இழுத்தார்கள். பல் வந்த இடத்தில் எலும்பு நிலைக்கிறது. பல் வராத இடத்தில் வைத்த எலும்பு நாளாவட்டத்தில் தேய்கிறது. பாரே காலத்திலிருந்து நாங்கள் வெளியிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த இடத்தை, பிள்ளையின் சொந்தப் பல்லே உள்ளிருந்து வந்து நிரப்பியது. 23 வந்து 22ன் இடத்தில் உட்காரும். அதற்குப் பின்னால் உள்ள 24, கோரைப்பல் வேலையை ஏற்கும். வரிசையில் ஒரு பல் குறையும், ஆனால் இடைவெளி இருக்காது, தகடும் இருக்காது.

இந்த இடத்தில் மெக்கானிக்குக் கடைசியாக ஒரு வேலை வரும். கோரைப்பல் லேட்டரலைவிடப் பருமன், நுனி கூர், நிறத்தில் ஒரு படி மஞ்சள், ஈறு விளிம்பும் உயரம். அப்படியே விட்டால் சிரிக்கும்போது கண் அங்கேதான் போகும். டாக்டர் எங்கே எவ்வளவு தேய்ப்பது, எங்கே எவ்வளவு பூசுவது என்று பார்க்க, அச்சில் மெழுகால் மாதிரி செய்து கொடுக்கச் சொல்வார். கத்தியால் நுனியை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் எடுத்து, வெளிப்புறத்தின் உப்பலைத் தட்டையாக்கி, இரண்டு மூலையிலும் ஊசி முனையால் மெழுகுச் சொட்டு வைத்து, நடுப்பல் பக்கம் சற்று நேராகவும் அந்தப் பக்கம் சற்று உருண்டையாகவும் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 12 இருந்தால் அதைப் பார்த்துச் செய்யலாம். செய்து முடித்து அச்சைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தால், அங்கே ஒரு பல் இல்லை என்பதே தெரியாது. என் பெயரில் ஒரு பல்கூட அந்த வாயில் போகாது. என் தொழிலில் நான் அதிகம் மகிழ்ந்து செய்த வேலை இதுதான்.

எலும்பு நின்றுவிட்டால் செயற்கை வேர் பொருத்துவதும் முடியும். அந்தக் கதையிலும் பிளவு இருக்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965ல் டைட்டேனியம் திருகுகளை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பல்லுக்காக வைத்தார். அந்த மனிதர், யோஸ்டா லார்சன், தாடைக் குறைபாட்டோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தவர். நாற்பது வருஷம்போல அந்தத் திருகுகள் அவருக்கு உழைத்தன. இன்று இம்பிளான்ட் என்று விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகங்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வரும்.

காரணத்தைத் தேடியவர்களும் பல்லைப் பிடித்தே ஓரிடத்துக்கு வந்தார்கள். எம்.எஸ்.எக்ஸ்1 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் பற்கள் உருவாகாமல் போவது 1996ல் தெரிந்தது. 2000ல் ஒரு டச்சுக் குடும்பத்தில் அதே மரபணுக் கோளாறோடு பிளவும் பல் இல்லாமையும் சேர்ந்தே ஓடுவதைக் கண்டார்கள். கீழுதட்டில் சிறு குழிகளோடு பிளவு வரும் குடும்பங்களை 1954ல் ஆன் வான் டெர் வூட் விவரித்திருந்தார்; அதன் மரபணு 2002ல் பிடிபட்டது. அந்தக் குடும்பங்களிலும் பற்கள் குறையும். எல்லாப் பிளவுக்கும் இப்படி ஒரே மரபணுவைக் காட்டிவிட முடியாது. புகை, சில வலிப்பு மருந்துகள் போன்றவையும் சேர்கின்றன. அரிவாள்மணை மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 1948ன் பல் மருத்துவர் சட்டம் எங்களை டென்டல் மெக்கானிக் என்று பதிவேட்டில் ஏற்றியது. 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவு தொடங்கியது. உதடும் அண்ணமும் தைக்கிற வசதி இங்கே இப்போது பரவலாக, பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. 1999ல் தொடங்கிய ஸ்மைல் ட்ரெயின் போன்ற அமைப்புகளின் உதவி பெரிது. 2013ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிளவும் ஒரு பிறவிக் குறையாகச் சேர்ந்தது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பார்த்து அனுப்புகிறார்கள். இதெல்லாம் நடந்தது, கண்ணால் பார்த்தேன். ஆனால் உதடு தைத்தாயிற்று, அண்ணம் மூடியாயிற்று, பிள்ளை பேசுகிறது என்றதும் பெற்றோர்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பிள்ளை மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு படிக்கும்போது திரும்ப வர வேண்டும் என்று அவர்களிடம் யாராவது அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். 23 ஒரே ஒரு முறைதான் இறங்கும். அது பிளவின் ஓரத்தில் எலும்பில்லாமல் கோணி வந்து நின்ற பிறகு இடுப்பெலும்பு வைத்தால், வைக்கலாம், ஆனால் ஓஸ்லோவில் பார்த்த பலன் அதே அளவில் வராது.

அதனால் லேபுக்கு வரும் சீட்டுகளில் வயது எட்டு, ஒன்பது என்பது கொஞ்சமும், இருபத்தாறு, முப்பத்து நான்கு என்பது நிறையவும் இருக்கிறது. கல்யாணம் நிச்சயமானவர்கள், வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள், தன் பிள்ளையின் பள்ளி விழாவில் வாய்விட்டுச் சிரிக்க ஆசைப்படுகிறவர்கள். எலும்பு வைத்து இம்பிளான்ட் போட முடிந்தவர்கள் போடுகிறார்கள். மற்றவர்களுக்கு அக்ரிலிக் தகட்டில் ஒற்றைப் பல்தான். அதைச் சில்லறை வேலை என்று புதுப் பையன்கள் மேஜை ஓரத்தில் தள்ளி வைப்பார்கள். நான் விடுவதில்லை. டப்பாவில் உள்ள ரெடிமேட் பல்லை அப்படியே ஒட்டக் கூடாது. 12ன் அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீளம், அகலம், விளிம்பின் தேய்மானம் வரை பார்த்துத் தேய்க்க வேண்டும். 21 திரும்பியிருந்தால் 22ஐயும் லேசாகத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடும். பொய் ஈற்றின் ஓரத்தைத் தாள் கனத்துக்கு மெலிதாக்கி மெருகேற்ற வேண்டும். தகடு பிளவின் தழும்பு மேட்டை அழுத்தாதபடி அங்கே ஒரு இழை இடம் விட வேண்டும். தழும்பில் உரசினால் புண்ணாகும், புண்ணானால் அவர் பல்லைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவார். ஷேடு சந்தேகம் என்றால் டாக்டருக்கு போன் போட்டு, நோயாளியை ஒரு தடவை லேபுக்கே அனுப்பச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் அவரை நேரில் பார்த்துவிட வேண்டும்.